ஆறாத புண்ணும் அவரவர் ரத்தமும்

1794 அக்டோபரில், லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் புனேயைப் பற்றிய ஒரு கடிதம் படத்துடன் அச்சானது. காவஸ்ஜி என்பவர் ஆங்கிலேயப் படையில் மாடு ஓட்டியவர். 1792 போரில் திப்பு சுல்தான் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்துவிட்டார். பம்பாய் மாகாணத்து ஆங்கிலேய மருத்துவர்கள் இருவர் இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்திருந்தார்கள். அவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறது. வைத்தியம் செய்தவரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

அவர் செய்தது இதுதான். மெழுகில் மூக்கு அளவுக்கு ஓர் அச்சு எடுத்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். அந்தக் கோட்டின்படி நெற்றித் தோலைக் கீறிப் பெயர்த்தார். ஆனால் முழுக்க வெட்டி எடுக்கவில்லை. இரண்டு புருவங்களுக்கும் நடுவில் ஒரு சிறு பட்டையை மட்டும் ஒட்டியபடியே விட்டு, தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். ஏறத்தாழ 25ஆம் நாள், புதிய இடத்தில் தோல் பிடித்துக்கொண்ட பிறகே, அந்தப் பட்டையை அறுத்தார்.

அந்தச் சிறு பட்டையில்தான் சூட்சுமம் இருந்தது. அதன் வழியாகத்தான் பெயர்த்த தோலுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. முதல் நாளே அறுத்திருந்தால் தோல் கறுத்து உதிர்ந்திருக்கும். இந்தக் கடிதத்தைப் படித்த லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் இதே முறையில் ஒருவருக்கு மூக்கு அமைத்தார். ஐரோப்பாவின் நவீன ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை அங்கிருந்து புது வேகம் பெற்றது.

உடம்பின் ஓரிடத்தில் ஏற்பட்ட அழிவை அதே உடம்பின் இன்னோர் இடத்தைக் கொண்டு சரிசெய்யலாம், ஆனால் ரத்தம் கூட வர வேண்டும் என்பது புனே உலகுக்குத் தந்த பாடம். இன்று அதே புனேயின் மருத்துவமனைகளில் அந்த எண்ணம் இன்னும் ஒரு படி நுணுக்கமாகியிருக்கிறது. மாதக்கணக்கில் ஆறாத காலின் புண்ணுக்கு, அந்த நோயாளியின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தையே பிரித்து, அதில் ஒரு பகுதியை மட்டும் மருந்தாக வைக்கிறார்கள். இது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை. ஏனென்றால் ஆறாத புண் இன்று நம் வீடுகளின் நோய்.

புண் ஏன் வருகிறது?

ஆறாத புண்ணுக்கு முக்கியக் காரணம் சர்க்கரை நோய். அது இந்தியரை ஏன் இவ்வளவு தாக்குகிறது என்ற கேள்விக்கு முக்கியமான விடை ஒன்று புனேயிலிருந்தே வந்தது. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக் 1993இல் தொடங்கி, புனே அருகே ஆறு கிராமங்களில் கருவுற்ற பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தவை 3.5 கிலோ. எடை குறைந்த நம் குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது, கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும் உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் இந்த அமைப்பு, பின்னாளில் சர்க்கரை நோய்க்கு இடம் கொடுக்கிறது என்பது அவருடைய முடிவு.

யாக்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யூட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டது.

நீண்ட நாள் சர்க்கரை இரண்டு வழிகளில் காலைக் கெடுக்கிறது. முதலில் நரம்பு போகிறது. கால் மரத்து, செருப்புக்குள் கிடக்கும் கல்லும் தெரியாது, சூடும் தெரியாது. பாதத்தின் ஒரே இடத்தில் பாரம் விழுந்து தோல் காய்த்து, காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. அடுத்து ரத்தக்குழாய் சுருங்குகிறது. புண்ணை ஆற்ற வேண்டிய ரத்தம் பாதம் வரை போதுமான அளவு வந்து சேர்வதில்லை.

சர்க்கரை மட்டும் காரணம் இல்லை. புனேயின் கோந்த்வா பகுதியில் பந்தோராவாலா தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. தொழுநோய்க் கிருமியை மாத்திரைகளால் முற்றாக ஒழித்துவிடலாம். ஆனால் கிருமி அழித்துவிட்டுப் போன நரம்பு திரும்ப வராது. அதனால் நோய் தீர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் உள்ளங்காலில் குழிப்புண் வந்துகொண்டே இருக்கும். இவை தவிர, நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்குக் காலின் சிரைகள் புடைத்து, ரத்தம் தேங்கி, கணுக்கால் அருகே தோல் கறுத்து, அங்கே வருகிற புண்ணும் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ஒழுங்காகச் சிகிச்சை செய்தும் நான்கு வாரத்தில் பாதியளவாவது சுருங்காத பாதப் புண், தானாக ஆறும் வாய்ப்புக் குறைந்தது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட புண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டெங்கு சொல்லிக்கொடுத்த பெயர்

டெங்கு பரவும் மாதங்களில் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. தட்டணு என்று தமிழில் சொல்லப்படும் இந்தத் துணுக்குகள் ரத்தப்போக்கை நிறுத்துகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றின் இரண்டாவது வேலைதான் நமக்கு இங்கே முக்கியம்.

இத்தாலியின் டூரின் நகரத்தில் ஜூலியோ பிட்ஸொஸேரோ 1882இல் தட்டணுக்களைப் பற்றி விரிவாக எழுதினார். உயிருள்ள விலங்கின் நுண்ணிய ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, குழாயின் சுவரில் காயம் பட்ட இடத்தில் இவை முதலில் வந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அதுவரை இவற்றைச் சிதைந்த அணுக்களின் குப்பை என்று நினைத்தவர்கள்கூட உண்டு.

தட்டணு உண்மையில் முழு அணு இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய தாயணு ஒன்று தன் உடலைச் சிறு சிறு துணுக்குகளாக உதிர்க்கிறது. ஒவ்வொரு துணுக்கும் 2 முதல் 3 மைக்ரான் அகலம். உட்கரு கிடையாது, ஆயுள் 7 முதல் 10 நாள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். உடம்பு நாள்தோறும் சுமார் 10,000 கோடித் தட்டணுக்களைப் புதிதாக உண்டாக்குகிறது. மீனுக்கும் பறவைக்கும் இந்த வேலையை உட்கருவுள்ள முழு அணுக்கள் செய்கின்றன. உதிர்ந்த துணுக்குகளிடம் இதை ஒப்படைத்தவை பாலூட்டிகள் மட்டுமே.

இவ்வளவு சிறிய துணுக்குக்குள் 50 முதல் 80 வரை நுண்ணிய பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்கள் அடைந்துகிடக்கின்றன. காயத்தைத் தொட்டதும் தட்டணு உருமாறி, பக்கத்தில் உள்ளவற்றோடு பின்னி, பைகளைத் திறந்துவிடுகிறது. வெளிவரும் புரதங்களில் சில, நார்த்திசு அணுக்களைக் காயத்துக்கு அழைக்கின்றன. சில, புதிய ரத்தக்குழாய்களை முளைக்கச் சொல்கின்றன. சில, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை நெய்ய ஆணை தருகின்றன. இன்னும் சில, தோலின் மேலணுக்களைப் பெருகச் செய்கின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்பது இவற்றின் பொதுப்பெயர். ரத்தத்தை நிறுத்த வந்த அதே துணுக்கு, புண் ஆறும் வேலையையும் தொடங்கிவைத்துவிட்டுத்தான் சாகிறது.

இது தெரியவந்த விதம் அழகானது. சியாட்டிலில் ரசல் ராஸும் அவருடைய குழுவினரும் குரங்கின் ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து எடுத்த தசையணுக்களை ஆய்வகக் கிண்ணங்களில் வளர்த்துவந்தார்கள். உறைந்த ரத்தத்திலிருந்து வடித்த நீரை ஊற்றினால் அணுக்கள் பெருகின. உறையவிடாமல், தட்டணுக்களையும் நீக்கி எடுத்த, பிளாஸ்மா என்னும் ரத்த நீர்ப்பகுதியை ஊற்றினால் பெருகவில்லை. பிளாஸ்மாவுடன் தட்டணுக்களைச் சேர்த்து உறைய வைத்து ஊற்றியபோது மறுபடி பெருகின. அப்படியானால் வளரச் சொல்லும் பொருள் தட்டணுவுக்குள்தான் இருக்கிறது. 1974இல் வெளியான இந்த ஆய்வுதான், தட்டணுவைப் புண்ணுக்கு மருந்தாக்கலாம் என்ற எண்ணத்துக்கு அடித்தளம்.

நின்றுபோன புண்

விரலை அறுத்துக்கொண்டால் என்ன நடக்கிறது? சில நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாள் காயம் சிவந்து வீங்குகிறது. அப்போது வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. பிறகு சிவந்த புதுச் சதை எழும்பி, ஓரங்களிலிருந்து தோல் நகர்ந்துவந்து மூடுகிறது. கடைசியாக மாதக்கணக்கில் வடு இறுகுகிறது. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது சரியாகத் தொடங்கும்.

ஆறாத புண் இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளையணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன, கிளம்புவதில்லை. அவை பழைய திசுவைக் கரைப்பதற்காகச் சுரக்கும் நொதிகள், புதிதாக நெய்யப்பட்ட கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தே கரைத்துவிடுகின்றன. பகலில் கொத்தனார் எழுப்பும் சுவரை இரவில் யாரோ கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டிருந்தால் வீடு எப்போது எழும்பும்? போதாததற்குக் கிருமிகள் தங்களைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு, மருந்துக்கும் வெள்ளையணுவுக்கும் தப்பித்து வாழ்கின்றன. புண்ணின் அடியிலிருக்கும் நார்த்திசு அணுக்களும் முதுமையடைந்து, அழைப்பு வந்தாலும் பெருகுவதில்லை.

தட்டணுக்கள் தங்கள் சரக்கில் பெரும்பகுதியைத் திறந்த பத்து நிமிடங்களிலேயே கொட்டிவிடுகின்றன. புதிதாக ரத்தம் கசியாத பழைய புண்ணில் அந்தத் தொடக்க ஆணை என்றோ தீர்ந்துபோயிருக்கும். மருத்துவர்கள் ஆறாத புண்ணைக் கத்தியால் சுரண்டி, செத்த திசுவை நீக்கி, லேசாக ரத்தம் கசியும் வரை சுத்தம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கசிவு பழைய புண்ணை மறுபடி புதுக் காயமாக்குகிறது. இதையே இன்னும் செறிவாகச் செய்ய முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

குழாய்க்குள் மூன்று அடுக்கு

முழங்கையின் உட்புறச் சிரையிலிருந்து பத்து, இருபது மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் குழாயில் ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் கலந்த கரைசல் இருக்கிறது. குழாயைச் சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழலியில் வைத்து முதலில் மெதுவாகச் சுற்றுகிறார்கள். அடர்த்தி மிகுந்த சிவப்பணுக்கள் அடியில் போய்த் தங்குகின்றன. மேலே வெளிர்மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்த ஒரு மெல்லிய வெளிறிய அடுக்கு தெரிகிறது. அது மொத்த ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இருக்காது.

தட்டணுக்கள் மிகச் சிறியவை என்பதால் மெதுவான சுழற்சியில் அவ்வளவு எளிதாக அடிக்குப் போவதில்லை, பெரும்பாலும் பிளாஸ்மாவிலேயே மிதக்கின்றன. அந்தப் பிளாஸ்மாவை மட்டும் இன்னொரு குழாய்க்கு மாற்றி, இம்முறை வேகமாகச் சுற்றினால் அவை அடியில் திரள்கின்றன. மேலே நிற்கும் பிளாஸ்மாவின் பெரும்பகுதியை அகற்றிவிட்டால், மீதியிருப்பது தட்டணு செறிந்த பிளாஸ்மா. பி.ஆர்.பி. என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். ஒரு மைக்ரோலிட்டரில் பத்து லட்சம் தட்டணுக்கள், அதாவது இயல்பான ரத்தத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு, என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவுகோல். கால்சியம் குளோரைடு ஒரு துளி சேர்த்தால் தட்டணுக்கள் திறந்து, கலவை கூழாகிறது. இதைப் புண்ணின் மேல் வைக்கலாம், ஓரங்களில் ஊசியாகவும் போடலாம்.

பிரான்சின் ஜோசப் ஷூக்ரூன் 2001இல் இன்னும் எளிய வழியைச் சொன்னார். உறைவைத் தடுக்கும் மருந்தே சேர்க்காமல், கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை உடனே சுற்றிவிட வேண்டும். சுற்றச் சுற்றவே ரத்தம் உறைந்து, நடுவில் ஒரு வெண்மஞ்சள் கட்டி உருவாகிறது. அது ஃபைப்ரின் என்னும் நார்வலை. தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் அதற்குள் சிக்கிக்கிடக்கின்றன. கட்டியை இரண்டு துணித்துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் புண்ணை மூடும் அளவுக்கு ஒரு மெல்லிய சவ்வு கிடைக்கும். கூழைப்போல வளர்ச்சிக் காரணிகளை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல், இந்தச் சவ்வு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வாரம் ஒரு முறை கட்டைப் பிரித்து, புண்ணைச் சுத்தம் செய்து, புதுச் சவ்வு வைக்கிறார்கள்.

நுட்பம் நுண்ணியது என்றாலும் கருவி எளியது. சுழலியும், சுத்தமான குழாய்களும், பயிற்சி பெற்ற கைகளும் போதும். தாலுகா மருத்துவமனையிலும் செய்துவிடலாம் என்பது என்னை மிகவும் ஈர்க்கிறது. தட்டணுவின் வளர்ச்சிக் காரணிகளில் ஒன்றை மட்டும் ஈஸ்ட்டில் உற்பத்தி செய்து, களிம்பாக்கி, அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றார்கள். பெகாப்ளெர்மின் என்னும் அந்தக் களிம்பு விலை மிகுந்தது. நோயாளியின் ரத்தத்திலோ அந்தக் காரணியும் அதன் கூட்டாளிகள் அத்தனையும் விலையின்றி இருக்கின்றன.

எவ்வளவு நம்பலாம்?

முதல் பெரிய நம்பிக்கை 1986இல் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் நைட்டனும் அவருடைய குழுவினரும் 49 நோயாளிகளின் புண்களில், அவரவர் தட்டணுக்களிலிருந்து எடுத்த சாரத்தை வைத்தார்கள். அந்தப் புண்கள் அதற்கு முன் சராசரியாக 198 வாரம் வழக்கமான சிகிச்சையில் இருந்தவை. முழுதாக மூட ஆன காலம் சராசரியாக 10.6 வாரம். பிரமிக்க வைக்கும் எண்கள்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, இந்தச் சாரம் வைக்கப்படாத இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. நல்ல மருத்துவமனையில் புண்ணை ஒழுங்காகச் சுத்தம் செய்து கவனித்ததே பாதிக் காரணமாக இருந்திருக்கலாம். இந்தக் கேள்வி அடுத்த முப்பது ஆண்டுகள் இந்தத் துறையைத் துரத்தியது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் நம் கோயம்புத்தூர் மருத்துவர்களும் உண்டு. பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் பிரிவில் சிரைப் புண் உள்ள 15 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அவரவர் ரத்தத்து ஃபைப்ரின் சவ்வு, இன்னொரு குழுவுக்கு உப்புநீர்க் கட்டு. நான்கு வார முடிவில் முதல் குழுவின் புண்கள் சராசரியாக 85 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியிருந்தன, இரண்டாவது குழுவில் சுமார் 43 சதவீதம். 2017இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான், ஆனால் ஒப்பீட்டுக் குழுவோடு நேர்மையாகக் கேட்கப்பட்ட கேள்வி. அதே ஆண்டில் பெங்களூரு மருத்துவர்கள் தொழுநோய்க் குழிப்புண்களில் இந்தச் சவ்வைப் பயன்படுத்திப் பார்த்ததை எழுதினார்கள். புனே இருக்கும் மகாராஷ்டிராவிலேயே, வார்தா அருகே சவாங்கியில் இருக்கும் மருத்துவக் கல்லூரியில், எலும்பு அறுவை மருத்துவர் சந்தீப் ஸ்ரீவாஸ்தவா தட்டணு செறிந்த பிளாஸ்மாவைப் புண்ணின் அடியிலும் ஓரங்களிலும் ஊசியால் செலுத்தி ஆற்றும் ஒரு முறையை வகுத்து, தொடர்ந்து கற்பித்துவருகிறார்.

2016இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஆய்வுகளில் தன் வரையறைக்குப் பொருந்திய பத்தைத் தேர்ந்து, 442 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் பயன் இருக்கலாம், ஆனால் சான்று வலுவற்றது. மற்றப் புண்களுக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் தீர்ப்பு இப்படித்தான் இருந்தது.

2018இல்தான் கனமான பதில் வந்தது. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளின் 32 மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. முதல் நான்கு வாரம் எல்லோருக்கும் வழக்கமான நல்ல சிகிச்சை மட்டுமே தந்தார்கள். அதிலேயே பாதியளவு சுருங்கிய புண்களை விலக்கிவிட்டார்கள். தானாக ஆறக்கூடியதை ஆற்றிவிட்டுப் பெருமை கொள்ளக் கூடாது என்ற கண்டிப்பு இது. மீதமிருந்த பிடிவாதமான புண்கள் உள்ள 269 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 18 மில்லி ரத்தத்திலிருந்து செய்த, வெள்ளையணுவும் தட்டணுவும் ஃபைப்ரினும் சேர்ந்த ஒட்டு, வாரம் ஒரு முறை. 20 வாரத்துக்குள் ஒட்டு வைத்தவர்களில் 34 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக ஆறியது. வைக்காதவர்களில் 22 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நூறு பேரில் கூடுதலாகப் பன்னிரண்டு பேருக்குப் புண் ஆறியிருக்கிறது. ஆறாத புண் எத்தனை காலை வெட்டவைத்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய லாபம். அதே சமயம், ஒட்டு வைத்தும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்தக் காலத்துக்குள் புண் ஆறவில்லை என்பதும் அதே ஆய்வின் உண்மை. இதற்குப் பிறகு சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழு, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து இதைப் பரிசீலிக்கலாம் என்றது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு, சர்க்கரைப் புண்களுக்கு இந்தச் சிகிச்சையின் செலவை 20 வாரம் வரை ஏற்க 2021இல் இசைந்தது.

ரத்தத்துக்கு முன் செய்ய வேண்டியவை

அந்த மூன்றில் இரண்டு பங்குக்கு என்ன குறை? இதற்கான விடையின் பெரும்பகுதியை நம் மண்ணில் பிறந்த ஒருவர் முன்பே கண்டுபிடித்திருந்தார். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் சதை இயல்பிலேயே கெட்டது, அதனால்தான் புண் ஆறவில்லை என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்தபோது சதையில் குறை தெரியவில்லை. வலி இல்லாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருந்தார்கள். வலி உள்ளவர் நொண்டுவார், அந்த நொண்டலில் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். இவர்களுக்கு அந்த ஓய்வு கிடைக்கவே இல்லை. காலைச் சுற்றி அச்சாகப் படியும் மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட்டபோது அதே 'கெட்ட சதை' ஆறியது. இலங்கையில் மில்ராய் பால் 1930களிலேயே பயன்படுத்திய இந்த மாவுக்கட்டு முறையைப் பிராண்ட் அமெரிக்கா வரை கொண்டுபோனார். பாரம் நீக்குவது இன்றும் உலகெங்கும் சர்க்கரைப் புண்ணின் முதல் சிகிச்சை.

புண் உள்ள பாதத்தைத் தரையில் ஊன்றி நடந்துகொண்டே அதன் மேல் ஃபைப்ரின் சவ்வு வைப்பதில் பொருள் இல்லை. ஒவ்வொரு அடியிலும் சவ்வும் நசுங்கும், அதனடியில் எழும்பும் புதுச் சதையும் நசுங்கும். காலுக்குப் போகும் தமனி அடைத்திருந்தால், முதலில் அடைப்பை நீக்க வேண்டும். வளர்ச்சிக் காரணி புதிய அணுக்களைப் பெருகச் சொல்லலாம், ஆனால் அவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் தமனி வழியாகத்தான் வர வேண்டும். கிருமி எலும்பு வரை போயிருந்தால் அதை முதலில் அகற்ற வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் வெள்ளையணுக்களே சோர்ந்திருக்கும். சிரைப் புண்ணுக்கு இறுக்கமான அழுத்தக் கட்டு வேண்டும்.

சிலருக்கு இந்தச் சிகிச்சை கூடாது. ரத்தத்தில் தட்டணு மிகக் குறைவாக உள்ளவர்கள், கடும் ரத்தச் சோகை உள்ளவர்கள், உடம்பெங்கும் கிருமி பரவியவர்கள் இதில் சேர்வார்கள். புண்ணில் புற்றுநோய் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் சில சமயம் புற்றாகவே மாறியிருக்கும். வளரச் சொல்லும் மருந்தை அங்கே வைப்பது ஆபத்து. சந்தேகம் இருந்தால் முதலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

சொந்த ரத்தம் என்பதால் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், முகப் பொலிவுக்காகத் தட்டணு பிளாஸ்மா ஊசி போட்ட உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தின் வழியாகப் பெண்களுக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் உறுதிப்படுத்தியது. ஊசியும் குழாயும் ஒருவருக்கு மட்டும் பயன்பட வேண்டும், எடுத்த கணமே குழாயில் பெயர் எழுதப்பட வேண்டும், வேலை முழுதும் கிருமி நீக்கிய இடத்தில் நடக்க வேண்டும். முடி வளரவும் முகம் மினுங்கவும் இதே சுழலியை வைத்துக்கொண்டு கடை விரித்திருப்பவர்கள் இன்று நம் ஊர்களிலும் பெருகியிருக்கிறார்கள். ஆறாத புண்ணோடு அலையும் ஏழையின் நம்பிக்கை அவர்களிடம் போய்ச் சிக்கிவிடக் கூடாது.

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்குப் புண் நான்கு வாரமாகியும் பாதி சுருங்கவில்லை என்றால், மருத்துவரிடம் வரிசையாகக் கேளுங்கள். காலின் ரத்த ஓட்டம் அளந்து பார்க்கப்பட்டதா? பாதத்திலிருந்து பாரம் நீக்கப்பட்டதா? கிருமியும் செத்த திசுவும் அகற்றப்பட்டனவா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகும் புண் அசையவில்லை என்றால், என் ரத்தத்திலிருந்து எடுத்த தட்டணுக்கள் உதவுமா என்று ஐந்தாவதாகக் கேளுங்கள். அந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு, புனேயின் பெரிய மருத்துவமனைக்குப் போக முடிந்தவருக்கு மட்டும் இருந்தால் போதாது. மருந்து நோயாளியின் கையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் சுழலியையும், அதற்கு முந்தைய நான்கு வேலைகளையும் சரியாகச் செய்யத் தெரிந்த செவிலியரையும் மருத்துவரையும் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனைக்கும் கொடுப்பது அரசின் கடமை, அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.